வானத்தைப் படமெடுக்க எந்தக் குட்டி டெலஸ்கோப்?

கலிபோர்னியாவின் ஹாமில்டன் மலையில் 1888-ல் லிக் வானாய்வகம் செயல்படத் தொடங்கியபோது, அங்கிருந்த 36 அங்குல டெலஸ்கோப்தான் உலகிலேயே பெரிய லென்ஸ் டெலஸ்கோப். மறு வருடம் அதே மலையில் எட்வர்டு எமர்சன் பர்னார்டு என்ற வானியலர் பால்வீதியைப் படமெடுக்கக் கிளம்பினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது அந்தப் பெரிய குழலை இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஆட்களை உட்காரவைத்து முகப்படம் எடுத்துக்கொண்டிருந்த பழைய 6 அங்குல ஸ்டூடியோ லென்ஸ் ஒன்று ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அதைப் பொருத்திய கேமராவை வைத்து, ஒரு நட்சத்திரத்தைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தபடி மணிக்கணக்கில் காத்திருந்து அவர் எடுத்த படங்களில்தான் பால்வீதியின் நட்சத்திர மேகங்களும் அவற்றின் நடுவே ஓடும் கருந்திட்டுகளும் தெளிவாக விழுந்தன.

பெரிய டெலஸ்கோப்பின் குவியத்தூரம், அதாவது லென்ஸிலிருந்து பிம்பம் கூடும் இடம் வரை உள்ள தூரம், 17 மீட்டருக்கும் மேல். அதன் அடியில் போட்டோத் தட்டை வைத்தால் நிலவின் பிம்பம் மட்டுமே 16 செ.மீ. அகலத்துக்கு விழும். பால்வீதி அதில் எங்கே அடங்கும்? ஸ்டூடியோ லென்ஸின் குவியத்தூரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. வானம் அகலமாக உள்ளே வந்தது.

“வானத்தைப் படமெடுக்க ஒரு டெலஸ்கோப் வாங்கலாம்னு இருக்கேன்” என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அடுத்த மூச்சிலேயே “எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்?” என்பார்கள். படமெடுப்பதில் மடங்கு என்ற பேச்சே கிடையாது. கண் வைக்கும் ஐபீஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேமராவை மாட்டுகிறோம். அந்த நிமிடத்திலிருந்து டெலஸ்கோப் என்பது நீளமான ஒரு கேமரா லென்ஸ், அவ்வளவுதான். கேட்க வேண்டிய கேள்வி: எனக்கு எவ்வளவு வானம் உள்ளே வர வேண்டும்?

குட்டி ரிஃப்ராக்டர் என்று இங்கே சொல்வது முன்பக்கம் 50 முதல் 80 மி.மீ. விட்டமுள்ள லென்ஸும், பின்பக்கம் பிம்பத்தைக் கூர்மையாக்கத் திருகும் ஃபோகஸரும் கொண்ட குழலை. குவியத்தூரம் 250-லிருந்து 600 மி.மீ.க்குள். எடை ஒன்றரை முதல் மூன்று கிலோ. தோள்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். இதே பணத்துக்கு, லென்ஸுக்குப் பதில் ஆடி வைத்த நியூட்டோனியன் டெலஸ்கோப் இதைவிட இரண்டு மடங்கு விட்டத்தில் கிடைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் இரண்டு ஆடிகளும் நேர்கோட்டில் நிற்க வேண்டும். பைக்கில் பத்துக் கிலோமீட்டர் போனாலே அவை அசைந்திருக்கும், இருட்டில் குனிந்து மறுபடி நேராக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்குக் கற்றுக்கொள்ள வேறு பத்து விஷயம் காத்திருக்கிறது. அந்த ஒன்றாவது குறையட்டும்.

குவியத்தூரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

லென்ஸிலிருந்து பிம்பம் கூடும் இடம் வரை உள்ள தூரம்தான் குவியத்தூரம். கடைக்காரர் போக்கல் லென்த் என்பார். அது கூடக்கூட பிம்பம் பெரிதாகும், படத்துக்குள் அடங்கும் வானம் சுருங்கும். கணக்கு எளிது. கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சில்லான சென்சாரின் அகலத்தை மில்லிமீட்டரில் எடுத்து, குவியத்தூரத்தால் வகுத்து, 57.3-ஆல் பெருக்குங்கள். வருவது டிகிரி.

பலரிடமும் இருக்கும் டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5 மி.மீ. அகலம், 15.6 மி.மீ. உயரம். 250 மி.மீ. டெலஸ்கோப்பில் அது 5.4 டிகிரிக்கு 3.6 டிகிரி வானத்தைப் பிடிக்கும். 400 மி.மீ.யில் 3.4-க்கு 2.2. 600 மி.மீ.யில் 2.2-க்கு 1.5. முழு நிலவு அரை டிகிரிதான். கையை முழுக்க நீட்டிப் பார்த்தால் சுண்டுவிரல் நகம் மறைக்கும் அகலம் ஏறக்குறைய ஒரு டிகிரி.

இப்போது வானத்தில் இருப்பதை இந்தச் சட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். ஆண்ட்ரோமீடா கேலக்சி 3 டிகிரி நீளம், ஆறு நிலவை வரிசையாக அடுக்கியது போல. 250 மி.மீ.யில் சுற்றிலும் இடம் விட்டு உட்காரும், 400-ல் விளிம்பை இடிக்கும், 600-ல் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் அதன் நீலப் புகையோடு சேர்த்து 2 டிகிரி. நெபுலா எனப்படும் விண்வெளிப் புகைமேகங்களில் ஓரியன் நெபுலா ஒரு டிகிரி, ரோசெட் நெபுலா 1.3. பெயர் பெற்ற நெபுலாக்களில் பெரும்பாலானவை பெரியவை, மங்கலானவை. அவை கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது மங்கல் என்பதால். சின்னவை என்பதால் இல்லை.

மறுபக்கமும் உண்டு. வியாழன் பூமிக்கு நெருங்கி வரும்போதும் 400 மி.மீ. டெலஸ்கோப்பில், 3.76 மைக்ரான் பிக்ஸல் கொண்ட கேமராவில், அது சுமார் 25 பிக்ஸல் அகலம். பொட்டு வைத்த மாதிரி ஒரு புள்ளி. சனியின் வளையத்தைப் படமெடுக்கத்தான் ஆசை என்றால் இந்தக் கட்டுரையின் டெலஸ்கோப்புகள் எதுவும் உங்களுக்கு ஆகாது. அதற்கு வேறு ஜாதிக் குழல் வேண்டும். தூரத்துச் சுருள் கேலக்சிகளுக்கும் இதே கதைதான். வேர்ல்பூல் கேலக்சி அதே 400 மி.மீ.யில், ஆறாயிரம் பிக்ஸல் அகலமுள்ள படத்தில் 340 பிக்ஸல்தான் எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, நம் ஊர் வானத்தைப் பற்றியது. நாம் பார்க்கும் யூடியூப் பாடங்களில் பாதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுத்தவை. அவற்றில் எல்லாமே ஆண்ட்ரோமீடாவில் தொடங்கும். அது இரவில் உச்சிக்கு வரும் அக்டோபர், நவம்பரில் நமக்கு வடகிழக்குப் பருவமழை. வானம் வெளுத்து நட்சத்திரம் தெரியத் தொடங்கும்போது தை பிறந்துவிடும். ஆண்ட்ரோமீடா மாலையிலேயே மேற்கே சரிந்துகொண்டிருக்கும். தையிலும் மாசியிலும் நமக்குக் கையெட்டும் உயரத்தில் இருப்பவை ஓரியனும் ரோசெட்டும். பங்குனி, சித்திரையில் தெற்கே கரீனா நெபுலா வரும். லண்டனில் அது அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. மதுரையில் 20 டிகிரி உயரம் ஏறுகிறது. கேட்டை நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள வண்ணப் புகைமேகங்கள் லண்டன்காரருக்கு அடிவானப் புழுதியில் 12 டிகிரியில் கிடக்கும், திருச்சிக்காரருக்கு 53 டிகிரியில் நிற்கும். கேட்டை மேகங்களுக்கு 250 மி.மீ. கச்சிதம், கரீனாவுக்கும், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் லகூன், ட்ரிஃபிட் நெபுலாக்களுக்கும் 400. முதல் டெலஸ்கோப்பை இந்த இரண்டு எண்களுக்கு இடையில் தேடுங்கள் என்பதுதான் என் கட்சி.

கையில் ஏற்கெனவே 135 மி.மீ. அல்லது 200 மி.மீ. கேமரா லென்ஸ் இருந்தால், டெலஸ்கோப்பைத் தள்ளிப்போட்டுவிட்டு ஒரு சீசன் அதிலேயே எடுத்துப் பாருங்கள். பர்னார்டின் வழிதான்.

சுவர் இருந்தால்தான் சித்திரம்

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் விநாடிக்கு 15 ஆர்க்செகண்டு நகர்கின்றன. ஒரு டிகிரியில் 3,600 ஆர்க்செகண்டு. 250 மி.மீ. டெலஸ்கோப்பில் மேலே சொன்ன 3.76 மைக்ரான் கேமராவின் ஒரு பிக்ஸல் 3.1 ஆர்க்செகண்டு வானத்தைப் பார்க்கிறது. கணக்குப் போட்டால், ஷட்டர் திறந்த ஐந்தில் ஒரு விநாடிக்குள் நட்சத்திரம் பக்கத்துப் பிக்ஸலுக்குப் போய்விடும். நெபுலாவுக்கோ ஒவ்வொரு படமும் இரண்டு, மூன்று நிமிடம் வேண்டும். ஆகவே டெலஸ்கோப்பைத் தாங்கிக்கொண்டு வானத்தோடு சேர்ந்து சுழலும் மவுண்ட் என்ற தாங்கி இல்லாமல் இந்த வேலை இல்லை.

எந்த மவுண்டும் துல்லியமாகச் சுழலாது. பல்சக்கரம் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். 3 ஆர்க்செகண்டு பிசகு 250 மி.மீ.யில் ஒரு பிக்ஸல், கண்ணுக்கே தெரியாது. அதே பிசகு 800 மி.மீ.யில் மூன்று பிக்ஸல். ஒவ்வொரு நட்சத்திரமும் அரிசி மணியாக நீளும். குட்டி டெலஸ்கோப்பை ஆரம்பிப்பவருக்குச் சொல்வது இதனால்தான். அது மவுண்டின் குற்றங்களை மன்னிக்கும்.

நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மவுண்டைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும், அந்த நட்சத்திரமோ நம் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும்: சென்னையில் 13 டிகிரி, யாழ்ப்பாணத்தில் 10-க்கும் கீழே, கன்னியாகுமரியில் 8. தென்னந்தோப்பு மறைத்தாலே போச்சு. துருவ நட்சத்திரம் தெரியாமலேயே கேமரா எடுக்கும் படத்தைக் கணினியில் ஒப்பிட்டு மவுண்டை நேராக்கும் மென்பொருள்கள் இப்போது உண்டு. ஆனாலும் சின்னச் சாய்வு மிச்சமிருக்கும், அதையும் குறுகிய குவியத்தூரம் பொறுத்துக்கொள்ளும்.

பெட்டியில் “5 கிலோ தாங்கும்” என்று போட்டிருந்தால் படமெடுக்க மூன்று கிலோ என்று எடுத்துக்கொள்ளுங்கள். டெலஸ்கோப், அதைக் கவ்வும் வளையம், கேமரா, வயர் எல்லாம் சேர்ந்த எடை அது. பணத்தைப் பிரிக்கும்போது மவுண்டுக்குப் பாதிக்கு மேல் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் டெலஸ்கோப் பாருங்கள். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, முதல் குழல் வாங்கியபோது நானும் கேட்கவில்லை.

எஃப் எண்ணும் காத்திருப்பும்

குவியத்தூரத்தை லென்ஸின் விட்டத்தால் வகுத்தால் எஃப் எண். வில்லியம் ஆப்டிக்ஸின் ரெட்கேட் 51 என்பது 51 மி.மீ. விட்டம், 250 மி.மீ. குவியத்தூரம்: எஃப்/4.9. ஸ்கைவாட்சரின் 72ஈடி 420 மி.மீ., எஃப்/5.8. அதே கம்பெனியின் 80ஈடி 600 மி.மீ., எஃப்/7.5. எண் குறையக்குறைய நெபுலாவின் ஒளி சென்சாரில் அடர்த்தியாக விழும். அதே கேமராவில், எஃப்/4.9-ல் ஒரு மணி நேரத்தில் சேரும் ஒளி எஃப்/7.5-ல் சேர 2 மணி 20 நிமிடம் ஆகும். கொசுக்கடியோடு காத்திருக்கும்போது இந்தக் கணக்கு நன்றாகவே உறைக்கும்.

கண்ணாடியின் ஜாதகம்

கண்ணாடி வழியே போகும் ஒளியில் நீலம் அதிகமாக வளையும், சிவப்பு குறைவாக வளையும். ஒற்றை லென்ஸில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு இடத்தில் குவியும். இரண்டு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்து இரண்டு நிறங்களை ஒரே இடத்தில் கூட்டலாம் என்று 1730-களில் இங்கிலாந்தின் செஸ்டர் மூர் ஹால் செய்து காட்டினார். 1758-ல் ஜான் டாலண்ட் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அக்ரோமாட் என்ற அந்த இரட்டை லென்ஸ்தான் இன்றும் மலிவான டெலஸ்கோப்புகளில் இருக்கிறது.

என் முதல் குழல் அதுதான். கண்ணால் பார்க்கும்போது குறையே தெரியவில்லை. கேமராவை மாட்டி சிரியஸ் நட்சத்திரத்தை எடுத்தேன். நாவல்பழச் சாறு கொட்டினாற்போல அதைச் சுற்றி ஊதா வட்டம். ஃபோகஸைத் திருகித் திருகிப் பார்த்தேன், போகவில்லை. நம் கண் ஊதாவைச் சரியாக வாங்காது, சென்சார் வாங்கிவிடும். கண்ணுக்கு நல்ல டெலஸ்கோப் கேமராவுக்கும் நல்லதாக இருக்கும் என்று நம்பியது என் தப்பு.

அதற்கு மருந்து ஈடி கண்ணாடி. நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் கண்ணாடி என்று பொருள். விளம்பரங்களில் இதன் பெயர்கள் மந்திரம் போல வரும்: ஜப்பானின் ஓஹாரா கம்பெனி செய்யும் எஃப்பிஎல்-51, எஃப்பிஎல்-53, ஹோயாவின் எஃப்சிடி-100. நிறப்பிரிவு எவ்வளவு குறைவு என்பதை அபே எண் சொல்லும். எண் பெரிதானால் பிரிவு குறைவு. சாதாரணக் கண்ணாடிக்கு 64, எஃப்பிஎல்-51-க்கு சுமார் 81, எஃப்பிஎல்-53-க்கும் எஃப்சிடி-100-க்கும் 95 பக்கம், அதாவது ஃப்ளோரைட் படிகத்துக்குச் சமம்.

இரண்டு லென்ஸ் என்றால் டப்லெட், மூன்று என்றால் டிரிப்ளெட். மூன்று நிறங்களை ஒரே இடத்தில் கூட்டுவதைத்தான் அபோக்ரோமாட், சுருக்கமாக ஏபோ, என்று சொல்ல வேண்டும். கடைகளில் ஈடி டப்லெட்டுக்கும் அதே பட்டத்தைத் தாராளமாகச் சூட்டிவிடுகிறார்கள். பட்டத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நல்ல எஃப்பிஎல்-53 டப்லெட், சுமாரான எஃப்பிஎல்-51 டிரிப்ளெட்டைத் தோற்கடிக்கலாம். அதோடு, டிரிப்ளெட் முன்பக்கம் கனக்கும், வெளிக்காற்றின் குளிர்ச்சிக்கு இறங்கவும் நேரம் எடுக்கும். கண்ணாடியின் ஜாதகம் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் தேய்த்துப் பொருத்திய கை சரியில்லையென்றால் பயனில்லை. ஒரு டெலஸ்கோப்பைப் பற்றி முடிவெடுக்கும் முன், அதில் வேறொருவர் எடுத்த திருத்தாத, வெட்டாத ஒரு முழுப் படத்தைக் கேட்டு வாங்கி, பிரகாசமான நட்சத்திரங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். நீல வளையம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

மூலைகளில் என்ன நடக்கிறது

நடுவில் நட்சத்திரங்கள் ஊசிமுனையாக இருக்கும், மூலைக்குப் போகப்போக வால் முளைக்கும். லென்ஸ் உருவாக்கும் பிம்பம் தட்டையாக விழாமல் கிண்ணத்தின் உட்பக்கம் போல வளைந்து விழுகிறது, சென்சாரோ தட்டை. அதைச் சமன் செய்ய ஃபோகஸருக்குப் பின்னால் ஃபிளாட்னர் என்ற துணை லென்ஸைப் பொருத்த வேண்டும். சாதாரண டப்லெட்டும் டிரிப்ளெட்டும் இதில்லாமல் படத்துக்கு முழுமையாகாது. விலை பார்க்கும்போது இதையும் சேர்த்தே பாருங்கள். சில ஃபிளாட்னர்கள் குவியத்தூரத்தை 0.8 மடங்காகக் குறைத்தும் தரும்: 420 மி.மீ. 336 ஆகும், எஃப்/5.8 என்பது 4.7 ஆகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ஃபிளாட்னருக்கும் சென்சாருக்கும் நடுவே குறிப்பிட்ட இடைவெளி வேண்டும், பெரும்பாலும் 55 மி.மீ. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. கேனான் டிஎஸ்எல்ஆரின் மவுண்ட் வளையத்திலிருந்து சென்சார் வரை 44 மி.மீ., டி-ரிங் என்ற இணைப்பு வளையம் 11 மி.மீ.; கூட்டினால் 55. நிக்கானில் 46.5-ம் 8.5-ம். வானியலுக்கென்றே செய்த கேமரா வாங்கினால் இந்த இடைவெளியை நாமே வளையங்கள் சேர்த்து நிரப்ப வேண்டும். மூலை நட்சத்திரங்கள் நடுவிலிருந்து வெளியே சிதறுவது போல நீண்டிருந்தால் பெரும்பாலும் சென்சார் பக்கத்தில் வந்துவிட்டது. நடுவைச் சுற்றிக் கும்மியடிப்பது போல வளைந்திருந்தால் தள்ளிப் போய்விட்டது. ஒரு மில்லிமீட்டரே பெரிய வித்தியாசம் காட்டும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு பெட்ஸ்வால் வகை. முன்னால் ஒரு லென்ஸ் தொகுதி, குழலுக்குள் வெகுதூரம் தள்ளிப் பின்னால் இன்னொன்று. சமன் செய்யும் வேலை உள்ளேயே முடிந்துவிடும். ஃபோகஸ் கிடைத்தால் போதும், இடைவெளிக் கணக்கு கிடையாது. ரெட்கேட் இந்த வகைதான். 1840-ல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் முகப்படம் எடுப்பதற்காகக் கணக்கிட்டுத் தந்த லென்ஸிலிருந்து வந்த பெயர் இது. ஸ்டூடியோவும் வானமும் மறுபடி சந்திக்கின்றன. விலை கூடுதல், எடை கூடுதல். தலைவலி குறைவு. முதல் டெலஸ்கோப்புக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஃபோகஸரைத் திருகிப் பாருங்கள்

விளம்பரத்தில் கடைசி வரியில் வரும், வாங்கியபின் தினமும் கைபடும் பாகம் இது. எஃப்/5 டெலஸ்கோப்பில் நட்சத்திரம் கூர்மையாக இருக்கும் எல்லை 0.06 மி.மீ. அளவுதான், ஒரு தலைமுடியின் தடிமன். இந்த எல்லைக்குள் கேமராவின் எடையைத் தாங்கிக்கொண்டு வழுக்காமல் நிற்க வேண்டும். பத்துச் சுற்றுக்கு ஒரு சுற்று நகரும் நுண்குமிழ் இருக்கிறதா, இறுக்கும் திருகைப் பூட்டும்போது பிம்பம் இடம் மாறுகிறதா என்று கேமராவை மாட்டிய நிலையிலேயே சோதியுங்கள்.

ஜவ்வாது மலையில் ஒரு மாசி இரவு. ஏழு மணிக்கு பாதினோவ் மாஸ்க்கை லென்ஸ் முன்னால் மாட்டினேன். கம்பி போட்ட ஜன்னல் மாதிரி ஒரு தட்டு அது. பிரகாசமான நட்சத்திரத்திலிருந்து மூன்று கோடுகளைக் கிளப்பும், நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரி மத்தியில் வந்தால் ஃபோகஸ். சரியாக வைத்துவிட்டு, மவுண்ட் தன் வேலையைப் பார்க்கட்டும் என்று பாயில் சாய்ந்தேன். பன்னிரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் பத்தரைக்குப் பிறகு எடுத்த அத்தனை நட்சத்திரமும் தடித்திருந்தது. மாலைக்கும் நடுநிசிக்கும் எட்டு டிகிரி குளிர் இறங்கியிருந்தது. 30 செ.மீ. அலுமினியக் குழல் அந்த எட்டு டிகிரிக்கே 0.055 மி.மீ. சுருங்கும். லென்ஸும் தன் பங்குக்கு மாறும். மொத்த எல்லையே 0.06 என்றால் மிச்சம் என்ன இருக்கும்? அதிலிருந்து மணிக்கு ஒருமுறை மாஸ்க் போட்டுப் பார்க்கிறேன். மோட்டார் ஃபோகஸர் பொருத்த வசதியுள்ள குழலாக வாங்குவது நல்லது, மோட்டாரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பனியும் ஈரமும் நம் ஊரில் தனிக்கதை. ரிஃப்ராக்டரின் லென்ஸ் முன்னால் வானத்தைப் பார்த்து நிற்பதால் சீக்கிரம் வியர்க்கும். முன்னால் இழுத்து நீட்டும் மூடுகுழல் இருக்கட்டும். அதன் மேல் சுற்றும் சூட்டுப்பட்டையும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பவர்பேங்க்கில் ஓடும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்தோடு பெட்டியில் பூட்டாதீர்கள். காயவைத்து, சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கள். கடலோர ஊர்களில் லென்ஸுக்குப் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். பழையது வாங்குவதாக இருந்தால் டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்து முன்பக்கம் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை, சிலந்திவலை போல இழை தெரிந்தால் வேண்டாம்.

வாங்கும் முன் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் இறக்கி, உங்கள் ஊரையும் தை மாதத்து இரவு எட்டு மணியையும் கொடுங்கள். அதில் சென்சார் அளவையும் குவியத்தூரத்தையும் பதிந்தால் வானத்தின் மேல் ஒரு சிவப்புக் கட்டம் விழும். 250, 400, 600 என்று மூன்றையும் ஓரியன் மேல் மாற்றி மாற்றி வையுங்கள். பிறகு மாதத்தைச் சித்திரைக்கு நகர்த்தி, தெற்கே திரும்பி, கரீனா மேல் வையுங்கள். எந்தக் கட்டத்தில் உங்கள் கண் நிற்கிறதோ அந்த எண்ணோடு கடைக்குப் போங்கள்.